காயம்: சொல்லும் சிகிச்சையும்

காயங்கள் பற்றிய ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னால் அவை தேர்வு வரைதான் நிற்கும். 'என்ன நடந்தது? என்ன காயம்? என்ன செய்ய வேண்டும்?' என்ற மூன்று கேள்விகளோடு கற்பித்தால் சொல்லும் நிற்கும். முதலுதவியும் மனத்தில் பதியும். ஏழாம் வகுப்பில் நான் பின்பற்றும் முறை இது.

தமிழிலிருந்து தொடங்குவோம்

மாணவர்களிடம் நுட்பமான தமிழ்ச் சொற்கள் ஏற்கெனவே உள்ளன. அவற்றுக்கு இணை காட்டினால் போதும். சிராய்ப்பு 'கிரேஸ்', சுளுக்கு 'ஸ்பிரெய்ன்', இரத்தக்கட்டு 'புரூஸ்', கொப்புளம் 'பிளிஸ்டர்', எலும்பு முறிவு 'ஃபிராக்சர்'. தேள் கொட்டும், நாய் கடிக்கும் என்று நாம் பிரிப்பதுபோல ஆங்கிலத்திலும் 'ஸ்டிங்', 'பைட்' என்ற பிரிவு உண்டு. நெருப்பு சுட்டால் 'பர்ன்'. கொதிநீரோ ஆவியோ பட்டால் 'ஸ்கால்ட்'. கத்தி, ஆணி, பல் போன்றவை தோலைக் கிழித்த காயம் 'ஊண்ட்'. இதை 'வவுண்ட்' என்று உச்சரித்தால் 'சுற்றினான்' என்ற பொருள் தரும் வேறு சொல்லாகிவிடும்.

வாக்கியமாக்குவோம்

'மை லெக் இஸ் பெயினிங்' என்றுதான் மாணவர்கள் முதலில் சொல்வார்கள். 'மை லெக் ஹர்ட்ஸ்' என்று பழக்கலாம். 'விரலை வெட்டிக்கொண்டேன்', 'கையை உடைத்துக்கொண்டான்' என்பவற்றில் 'கொள்' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'மை', 'ஹிஸ்' செய்கின்றன: 'ஐ கட் மை ஃபிங்கர்', 'ஹி புரோக் ஹிஸ் ஆர்ம்'. 'கட்', 'ஹர்ட்' இரண்டும் இறந்தகாலத்திலும் மாறாதவை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

சிகிச்சைக்கான வினைகள்

'கூல்': தீக்காயத்தை ஓடும் நீரில் 20 நிமிடம் குளிர்விக்க வேண்டும். பற்பசை, பேனா மை, ஐஸ் கூடாது.

'வாஷ்': நாய் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும்.

'பிரஸ்': இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

'டோன்ட் டை, டோன்ட் கட்': பாம்பு கடித்த இடத்தை இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது. அசையாமல் வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவமனையில் போடும் தையல் 'ஸ்டிட்சஸ்'; மாவுக்கட்டு 'பிளாஸ்டர் காஸ்ட்'.

இருவர் செயல்பாடு

ஒருவர் காயமடைந்தவர், மற்றவர் மருத்துவர். 'வாட் ஹேப்பண்ட்?', 'வேர் டஸ் இட் ஹர்ட்?' என்று மருத்துவர் கேட்டு, பதிலுக்கு ஏற்ற சிகிச்சையைச் சொல்ல வேண்டும். பிறகு இடம் மாறலாம்.

மதிப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'புட் டூத்பேஸ்ட் ஆன் த பர்ன்' என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. வீட்டில் பார்த்ததைத்தான் குழந்தை எழுதுகிறது. ஆனாலும் நான் அதற்குச் சரி போடுவதில்லை. காரணம் சொல்லித் திருத்தி எழுதச் செய்கிறேன். நாய் கடித்ததைத் திட்டுக்குப் பயந்து மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக அரிது. 'எ டாக் பிட் மி' என்று வகுப்பில் தயங்காமல் சொல்லிப் பழகிய குழந்தை, வீட்டிலும் அதைத் தமிழில் சொல்லத் துணியும்.