பினாங்கில் கூடிச் சாப்பிட்டால் பில்லைப் பிரிப்பது எப்படி?

ஜார்ஜ்டவுனில் நாலு பேர் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே கணக்கைப் பேசிவிடுங்கள். யாராவது பெலாஞ்சா செய்கிறாரா (எல்லாருக்கும் அவரே காசு கொடுக்கிறாரா), சமமாகப் பிரிக்கிறோமா, அவரவர் சாப்பிட்டதற்கு அவரவரா? மாணவர்களும் சம்பளம் குறைந்தவர்களும் பில் வந்த பிறகு வாய் திறக்கக் கூசுவார்கள். அதனால் இந்தப் பேச்சைக் கொஞ்சம் வசதியானவரே எடுக்க வேண்டும்.

அடுத்து, எந்த மாதிரிக் கடை என்று பாருங்கள். சூலியா ஸ்ட்ரீட், கர்னி டிரைவ் அங்காடிகளில் பெரும்பாலும் சாப்பாடு மேசைக்கு வந்த கையோடு காசு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் தனிக் காசு, தண்ணிக்கும் தனி. ஒருவரே எல்லாவற்றுக்கும் கொடுத்துக்கொண்டு போக, இன்னொருவர் கைப்பேசியில் குறித்து வைத்தால் குழப்பம் வராது. இங்கே டிப்ஸ் வழக்கம் இல்லை.

சோற்றோடு கறிகளைத் தட்டில் போட்டுத் தரும் நாசி கண்டார் கடையில் தட்டைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். “அண்ணே, தனித்தனியா கணக்குப் போடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரிய இறால், மீன் சினை போன்றவற்றுக்கு விலை கேட்ட பிறகே கைகாட்டுங்கள். தட்டின் விலை சட்டென்று ஏறுவது அவற்றால்தான்.

கவனமாகக் கணக்குப் போட வேண்டியது உணவகங்களிலும் ஹோட்டல்களிலும்தான். அங்கே பில்லின் அடியில் இரண்டு தொகைகள் சேரலாம். ஒன்று கடை போடும் 10 விழுக்காடு சேவைக் கட்டணம். மற்றது அரசாங்கத்தின் சேவை வரி. 2024 மார்ச் 1 முதல் பல சேவைகளுக்கு இந்த வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும், உணவுக்கு 6 விழுக்காடாகவே இருக்கிறது. ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டிய உணவகங்கள்தான் இதற்குப் பதிய வேண்டும். அதனால் சின்னக் கடைகளில் இந்த வரியைப் பார்க்க மாட்டீர்கள்.

மூன்று பேர் சாப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். தனித்தனியாக 22, 16, 28 வெள்ளி. பொதுவாக எடுத்த கறி 18 வெள்ளி. பொதுவானதை முதலில் தலைக்கு 6 என்று சேர்த்தால் 28, 22, 34, மொத்தம் 84. சேவைக் கட்டணம் 8.40, வரி 5.04. ஆக 97.44. 2008 ஏப்ரல் முதல் பில்லின் மொத்தத் தொகையைக் கிட்டிய 5 காசுக்குச் சரிசெய்வதால், கையில் கொடுப்பது 97.45. இப்போது இறுதித் தொகையைச் சாப்பாட்டு விலையால் வகுங்கள்: 1.16. அதை ஒவ்வொருவர் பங்கோடும் பெருக்கி 5 காசுக்குச் சரிசெய்தால் 32.50, 25.50, 39.45. ஒரு காசு பிசகாது. சமமாகப் பிரித்திருந்தால், குறைவாகச் சாப்பிட்டவர் ஏறக்குறைய 7 வெள்ளி கூடுதலாகக் கொடுத்திருப்பார். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு அது! கட்டணமோ வரியோ எப்படி மாறினாலும் இந்த வகுத்தல் முறை பொருந்தும்.

10 விழுக்காடு பில்லிலேயே இருந்தால் மேற்கொண்டு டிப்ஸ் தேவையில்லை. இல்லாத இடத்திலும் கட்டாயம் கிடையாது. கவனிப்பு மனதுக்குப் பிடித்திருந்தால் மீதிச் சில்லறையை விடலாம். அதை விரும்பியவர் தம் கையிலிருந்து கொடுக்கட்டும், பொதுக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கடைசியாக, ஒருவர் முழு பில்லையும் கட்டியிருந்தால், மேசையை விட்டு எழுவதற்கு முன்பே டூயிட்நவ் என்னும் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக உங்கள் பங்கை அனுப்பிவிடுங்கள். கொடுத்தவரைக் கேட்க வைக்காதீர்கள்.