சூரிய சக்தி, இலாப ஈவு, மூலப்பொருள் பங்குகள்: சிறு முதலீட்டாளர் எடைபோட வேண்டியவை

நம் நாட்டில் பங்குகளை மின்னணு முறையில் வைத்திருப்பதற்கான டிமேட் கணக்குகள் 2020 மார்ச்சு இறுதியில் ஏறத்தாழ 4 கோடியாக இருந்தன. 2025 மார்ச்சு இறுதியில் அவை 19 கோடியைக் கடந்துவிட்டன. ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகளை வைத்திருக்கக்கூடும். எனினும், வங்கி வைப்பையும் அஞ்சலகச் சேமிப்பையும் மட்டுமே அறிந்திருந்த பல குடும்பங்கள் பங்குச் சந்தைக்குள் வந்துள்ளன என்பதில் ஐயமில்லை.

இவ்வாறு வருவோரை மூன்று வகைப் பங்குகள் பெரிதும் ஈர்க்கின்றன. முதலாவது, எதிர்காலத்தின் தொழில் எனப் போற்றப்படும் சூரிய சக்தி நிறுவனங்களின் பங்குகள். இரண்டாவது, ஆண்டுதோறும் டிவிடெண்டு எனப்படும் இலாப ஈவைத் தவறாது வழங்கும் நிறுவனங்களின் பங்குகள். மூன்றாவது, நிலக்கரி, எண்ணெய், எஃகு, அலுமினியம், துத்தநாகம் போன்ற மூலப்பொருள்களை உற்பத்தி செய்யும் நிறுவனங்களின் பங்குகள். இவற்றுள் எது சிறந்தது என்பதே பலரும் கேட்கும் கேள்வி. ஆனால், ஒரு தொழிலின் வளர்ச்சி வேறு, அத்தொழிலின் பங்குதாரர் பெறும் வருவாய் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்த பின்னரே அக்கேள்விக்கு விடை காண இயலும்.

சூரிய சக்தி: வளர்ச்சியின் பயன் யாருக்கு?

2010 ஜனவரியில் தொடங்கப்பெற்ற தேசிய சூரிய சக்தி இயக்கம் 2022-ஆம் ஆண்டுக்குள் 20,000 மெகாவாட் திறனை எய்துவதை இலக்காகக் கொண்டிருந்தது. 2015-இல் இந்த இலக்கு 1,00,000 மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது. குறித்த ஆண்டில் அது எட்டப்படவில்லையாயினும், 2025 ஜனவரி இறுதியில் நாடு அவ்வளவைத் தாண்டியது. பொருளாதார வரலாற்றில் இது ஒரு பெருஞ்சாதனை என்றே கூற வேண்டும்.

இக்காலத்தில் சூரிய மின்சாரத்தின் விலை என்னவாயிற்று? இயக்கத்தின் முதற்கட்ட ஏலத்தில் யூனிட் ஒன்றுக்குச் சராசரியாக ரூ.12-க்குச் சற்று மேல் கேட்கப்பட்டது. 2017 மே மாதத்தில் ராஜஸ்தானத்தின் பட்லா சூரியப் பூங்காவுக்கான ஏலத்தில் அது ரூ.2.44 ஆகியது. 2020 டிசம்பரில் குஜராத்தில் நடைபெற்ற ஏலத்தில் ரூ.1.99 வரை இறங்கியது. தொழில்நுட்ப முன்னேற்றத்தின் பயனில் பெரும்பகுதி மின்சாரம் வாங்குவோரைச் சென்றடைந்தது என்பதையே இது காட்டுகிறது. நாட்டு நலன் நோக்கில் இது வரவேற்கத்தக்கது. ஆனால், விற்பவரின் ஆதாயம் அதே அளவில் வளரவில்லை என்பதும் இதன் பொருளாகும்.

குறைந்த விலைக்கு ஏலம் எடுப்பதன் அபாயத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு நோக்கத்தக்கது. 2015 நவம்பரில் ஆந்திரப் பிரதேசத்தில் 500 மெகாவாட் திட்டத்தை, அந்நாளில் மிகக் குறைந்ததாக இருந்த ரூ.4.63 விலையில், அமெரிக்காவின் சன் எடிசன் நிறுவனம் பெற்றது. அடுத்த ஏப்ரலிலேயே அது தன் நாட்டில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை அணுகிற்று. அதற்கு முதன்மையான காரணம் நிறுவனம் வரம்பின்றிச் சுமந்திருந்த கடன். சூரிய மின் நிலையத்தின் செலவில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே செய்யப்படுகிறது. அதில் பெரும்பங்கு கடனாகவே திரட்டப்படுகிறது. விற்பனை விலையோ பொதுவாக 25 ஆண்டுகளுக்கு ஒப்பந்தத்தால் நிலைநிறுத்தப்படுகிறது. எனவே, வட்டி விகிதமும், மின் பகிர்மானக் கழகங்கள் உரிய நாளில் பணம் செலுத்துவதுமே பங்குதாரரின் மிச்சத்தை நிருணயிக்கின்றன. 2019-இல் ஆந்திர அரசு பழைய ஒப்பந்தங்களின் விலையை மறு ஆய்வு செய்ய முற்பட்டது. நிறுவனங்களுக்குச் சாதகமான உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2022-இல்தான் வந்தது. ஒப்பந்தம் கையில் இருந்தும் காத்திருக்க வேண்டிய காலம் அது.

சூரியத் தகடுகளை உற்பத்தி செய்யும் நிறுவனங்களின் நிலை வேறு. 2010-இல் பங்கு ஒன்றை ரூ.29-க்குப் பொதுமக்களுக்கு வெளியிட்ட இண்டோசோலார் நிறுவனம், மலிவான இறக்குமதியின் போட்டியைத் தாங்க இயலாது 2019-இல் திவால் சட்ட நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. நாட்டின் சூரிய மின் திறன் பன்மடங்கு பெருகிய அதே ஆண்டுகளில் இது நிகழ்ந்தது. பின்னர், 2022 ஏப்ரல் முதல் இறக்குமதித் தகடுகளுக்கு 40 விழுக்காடு சுங்கவரி விதிக்கப்பட்டது. உள்நாட்டு உற்பத்திக்கு ஊக்கத்தொகைத் திட்டமும் வகுக்கப்பட்டது. இவற்றால் உற்பத்தியாளர் நிலை மேம்பட்டது. ஆனால், பாதுகாப்பு வரியினால் தோன்றும் இலாபம் கொள்கை மாற்றத்தால் குறையவும் கூடும் என்பதை முதலீட்டாளர் மறத்தலாகாது.

பங்கின் விலையும் தொழிலின் வேகத்தில் நகர்வதில்லை. மறுபுதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டங்களுக்குக் கடன் வழங்கும் அரசு நிறுவனமாகிய இரேடா 2023 நவம்பரில் பங்கு ஒன்றை ரூ.32-க்கு வெளியிட்டது. 2024 ஜூலையில் அது ரூ.300-ஐத் தாண்டியது, 2025 மார்ச்சில் அதில் பாதிக்கும் கீழே வந்தது. நிறுவனத்தின் கடன் வணிகம் இவ்விடைவெளியில் பத்து மடங்கு பெருகவுமில்லை, பாதியாகச் சுருங்கவுமில்லை. மாறியது முதலீட்டாளரின் எதிர்பார்ப்பே.

இலாப ஈவின் இயல்பு

இலாப ஈவு வட்டியைப் போன்றதன்று. வட்டி கொடுப்பது கடன் வாங்கியவரின் கடமை. ஈவு வழங்குவது இயக்குநர் குழுவின் முடிவு. ஈவு அறிவிக்கப்பட்ட பங்கு, அதைப் பெறும் உரிமை நீங்கிய நாளில் ஏறக்குறைய அதே அளவு விலை குறைந்தே தொடங்குகிறது. ரூ.300 விலையுள்ள பங்கு ரூ.20 ஈவு வழங்கினால், பங்குதாரரிடம் ரூ.280 மதிப்புள்ள பங்கும் ரூ.20 ரொக்கமும் இருக்கும். எனவே, ஈவுக்காக மட்டும் முதல்நாள் வாங்குவதில் ஆதாயமில்லை.

வரியும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நிறுவனம் செலுத்திவந்த ஈவுப் பகிர்வு வரி நீக்கப்பட்டு, ஈவுத்தொகை பெறுபவரின் வருமானத்தோடு சேர்க்கப்படுகிறது. 30 விழுக்காடு வரி வரம்பில் உள்ளவருக்கு 6 விழுக்காடு ஈவு, வரி போக ஏறத்தாழ 4 விழுக்காடே ஆகும்.

மிக உயர்ந்த ஈவு விகிதம் இருவகையில் தோன்றும்: ஈவு உயர்ந்ததனால் தோன்றலாம், பங்கின் விலை வீழ்ந்ததனாலும் தோன்றலாம். வேதாந்தா நிறுவனம் 2022-23-இல் பங்கு ஒன்றுக்கு ரூ.101.50 ஈவு வழங்கியது. அடுத்த ஆண்டில் அது ரூ.29.50 ஆகியது. முதலாண்டு ஈவை நிலையான வருமானமாகக் கருதிக் குடும்பச் செலவைத் திட்டமிட்டவரின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மூலப்பொருள் தொழில்களின் ஏற்ற இறக்கம்

மூலப்பொருளை உற்பத்தி செய்யும் நிறுவனம் தன் பொருளின் விலையைத் தானே நிருணயிப்பதில்லை. பெரும்பாலும் உலகச் சந்தை நிருணயிக்கிறது. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட கச்சா எண்ணெய், அவ்வாண்டின் இறுதிக்குள் 40 டாலருக்கும் கீழே சென்றது. 2020 ஏப்ரலில் அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை பூச்சியத்திற்கும் கீழே இறங்கியது. அதையொட்டி மும்பைப் பண்டச் சந்தையில் அம்மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு ரூ.2,884 எதிர்மறை விலையில் தீர்க்கப்பட்டது. வாங்கியவர் பொருளையும் பெறவில்லை, மேற்கொண்டு பணமும் செலுத்த நேர்ந்தது.

அரசின் கொள்கையும் இத்தொழில்களைப் பாதிக்கும். உள்நாட்டு விலையேற்றத்தைத் தணிக்க 2022 மே மாதத்தில் பல எஃகுப் பொருள்களுக்கு 15 விழுக்காடு ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. நவம்பரில் அது விலக்கப்பட்டது. வரி அறிவிப்புக்கு அடுத்த வணிக நாளில் எஃகு நிறுவனப் பங்குகள் கடுமையாகச் சரிந்தன.

இத்துறையில் புதியோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பங்கின் விலையை அதன் ஆண்டு இலாபத்தால் வகுத்து, விகிதம் குறைவாயிருந்தால் பங்கு மலிவு என்று கொள்வது வழக்கம். மூலப்பொருள் நிறுவனத்தில் விலையேற்றத்தின் உச்சத்தில்தான் இலாபம் மிகுந்து இந்த விகிதம் மிகக் குறைவாகத் தோன்றும். வீழ்ச்சியின் அடித்தளத்தில் இலாபம் மறைந்து விகிதம் உயர்வாகத் தெரியும். ஆகவே, ஓராண்டு இலாபத்தைக் கொண்டு முடிவு செய்யாது, ஏற்றமும் இறக்கமும் அடங்கிய பத்தாண்டுகளின் சராசரியைக் கொண்டு மதிப்பிடுதலே முறை.

ஒரு பங்கின் பத்தாண்டுகள்

கோல் இந்தியா நிறுவனத்தின் வரலாறு இவற்றை எல்லாம் ஒருங்கே விளக்கும். 2010-இல் அதன் பங்கு ரூ.245-க்கு வெளியிடப்பட்டது. 2010-11-இல் 43 கோடி டன்னாக இருந்த நிலக்கரி உற்பத்தி 2019-20-இல் 60 கோடி டன்னாயிற்று. ஆயினும், 2020 நவம்பரில் பங்கின் விலை ரூ.130-க்கும் கீழே இருந்தது. நிலக்கரியின் எதிர்காலம் பற்றிய ஐயமும், அரசு தன் பங்குகளைத் தொடர்ந்து விற்றதும் இதற்குரிய காரணங்களுள் சில.

100 பங்குகளை வெளியீட்டு விலையில் ரூ.24,500-க்கு வாங்கியவரின் கணக்கைப் பார்ப்போம். பத்தாண்டுகளில் அவர் பெற்ற ஈவு, வரி நீங்கலாகக் கணக்கிடாமல், ஏறத்தாழ ரூ.16,500. பங்குகளின் மதிப்பையும் சேர்த்தால் சுமார் ரூ.29,000. அதே தொகையை 8 விழுக்காடு வட்டிக்கு இட்டு, ஆண்டுதோறும் வட்டியை எடுத்துச் செலவிட்டிருந்தாலும், முதலும் வட்டியுமாக ரூ.44,100 கிடைத்திருக்கும். ஈவு இல்லாதிருந்தால் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும்.

கதை அத்துடன் முடியவில்லை. 2020-21-இல் நிறுவனம் பங்குக்கு ரூ.16 ஈவு வழங்கியது. அன்றைய தாழ்ந்த விலையில் வாங்கியவருக்கு அது 12 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வருவாய். 2024 ஆகஸ்டில் பங்கு ரூ.500-ஐக் கடந்தது. நிறுவனம் ஒன்றே; தொழிலும் ஒன்றே. வாங்கிய விலையும், காத்திருக்க முடிந்த காலமுமே ஒருவருக்கு இழப்பையும் மற்றொருவருக்கு ஆதாயத்தையும் தந்தன. நடுவில் மகளின் திருமணத்திற்கோ மருத்துவச் செலவுக்கோ பணம் தேவைப்பட்டு விற்க நேர்ந்தவர், பின்வந்த ஏற்றத்தைக் கண்டிருக்க இயலாது.

மூன்றும் தனித்தனியானவையா?

மூன்று வகையிலும் சிறிது வாங்கிவிட்டால் அபாயம் பரவலாகிவிடும் என்று கருதுவோர் பலர். இதில் ஓரளவே உண்மை உண்டு. அதிக ஈவு வழங்கும் நிறுவனங்களுள் பல மூலப்பொருள் நிறுவனங்களே. சூரியத் தகடோ தானே ஒரு மூலப்பொருளைப் போல் ஆகிவிட்டது. அதன் அடிப்படைப் பொருளாகிய பாலிசிலிகான் 2022-இல் கிலோவுக்கு 30 டாலருக்கும் மேல் விற்று, 2023-இல் 10 டாலர் அளவுக்குச் சரிந்தது. உலகத் தகடு உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 விழுக்காட்டுக்கும் மேல். 2024-இல் உலகெங்கும் முன்னெப்போதும் இல்லாத அளவில் சூரியத் தகடுகள் நிறுவப்பட்டன. அதே ஆண்டில் சீனத்தின் முன்னணி உற்பத்தியாளர் பலர் நட்டமடைந்தனர். உற்பத்தித் திறன் தேவையை விஞ்சியதே காரணம். எனவே, பெயரால் வகைப்படுத்துவதை விட, வருவாயின் ஊற்றால் வகைப்படுத்துவதே பொருந்தும்.

எடைபோடும் முறை

எந்தப் பங்கையும் வாங்குமுன் நான்கு கேள்விகளுக்கு விடை காணுதல் நலம். நிறுவனத்தின் பொருளுக்கு விலையை நிருணயிப்பவர் யார்? பங்குதாரருக்கு முன்னதாகக் கடன் கொடுத்தோருக்கும் அரசுக்கும் செல்வது எவ்வளவு? கடந்த பத்தாண்டுகளில் ஈவு ரொக்க வரவிலிருந்து வழங்கப்பட்டதா, கடன் வாங்கி வழங்கப்பட்டதா? இன்றைய விலையில் எவ்வளவு எதிர்பார்ப்பு ஏற்கெனவே அடங்கியுள்ளது? நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலேயே முதல் மூன்றுக்கும் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தை இம்மூன்றில் எதிலும் இடுதல் கூடாது. ஈவுத்தொகை வந்து சேருகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். ஏழாண்டுகள் தொடர்ந்து பெறப்படாத ஈவும், அதற்குரிய பங்குகளும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படுகின்றன. உரியவர் அவற்றைத் திரும்பக் கோரலாம் எனினும், வங்கிக் கணக்கு விவரத்தையும் வாரிசு நியமனத்தையும் முன்னதாகவே சரிபார்த்துக்கொள்வது எளிது.

சூரியனில் முதலீடு செய்யப் பங்குச் சந்தை ஒன்றே வழியன்று. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தில், கூரையில் 2 கிலோவாட் நிறுவுவோருக்கு ரூ.60,000-ம், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் நிறுவுவோருக்கு ரூ.78,000-ம் மானியமாக வரையறுக்கப்பட்டது. சொந்தக் கூரை உடையவருக்கு, மின் கட்டணத்தில் மாதந்தோறும் குறையும் தொகையே அம்முதலீட்டின் ஈவு. கட்டணம் மிகுதியாகச் செலுத்தும் வீட்டுக்கு அது கணக்கிட்டுப் பார்க்கத்தக்க வருவாய். அதன் மதிப்பு சந்தையின் அன்றாட ஏற்ற இறக்கத்தைப் பொறுத்ததுமன்று.

குடும்பச் சேமிப்பு தொழில்களுக்கு மூலதனமாகச் செல்வது நாட்டின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது. ஆனால், ஒருமுறை அறியாமையால் இழந்த சிறு சேமிப்பாளர் மீண்டும் எளிதில் சந்தைக்கு வருவதில்லை. நல்ல தொழில் என்பதற்காக எந்த விலையும் கொடுக்கலாகாது. பெரிய ஈவு என்பதற்காகக் கணக்கைப் பாராது இருத்தலும் ஆகாது. இவ்விரண்டையும் உணர்ந்து முதலிடுவோரின் எண்ணிக்கை பெருகுமாயின், கணக்குகளின் பெருக்கம் மெய்யான மூலதனப் பெருக்கமாகவும் அமையும்.