கடல் உப்பு தர்மபுரி வரைக்கும் கூட வரும்: ராடு, ரீல் பராமரிப்பு

நம்ம மாவட்டத்துல தூண்டில் போடக் கத்துக்கிட்டவங்க பெரும்பாலும் ஒகேனக்கல்லிலோ, நாகமரை பக்கம் மேட்டூர் அணைத் தண்ணீரிலோ, ஊர் ஏரியிலோதான் கத்துக்கிட்டிருப்பாங்க. அங்கெல்லாம் வேலை முடிஞ்சதும் ராடைத் துண்டால துடைச்சு மூலையில சாத்தி வச்சாப் போதும். ரெண்டு மாசம் கழிச்சு எடுத்தாலும் ரீல் சுத்தும்.

அதே பழக்கத்தோட புதுச்சேரி, கோவளம், ராமேஸ்வரம்னு கடலுக்குப் போய் வந்தா கதை வேற. ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் மீன் பிடிச்சுட்டு, நைட் பஸ் ஏறி, திங்கள் காலை கிளாஸுக்கு ஓடுவீங்க. ராடு பை கட்டிலுக்கு அடியில போயிடும். அடுத்த டூர் வரும்போது பையைத் திறந்தா ஹேண்டில் கறகறன்னு சத்தம் போடும், ஸ்பூல் மேல வெள்ளைப் பொடி பூத்திருக்கும், கொக்கியெல்லாம் துரு. சேர்த்து வச்ச பாக்கெட் மணி அந்தப் பைக்குள்ளேயே கரைஞ்சு போச்சுன்னு அர்த்தம். இதைத் தடுக்க 15 நிமிஷமும் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரும் போதும். ஏன், எப்படின்னு பார்ப்போம்.

உப்பு என்ன செய்யுது?

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைஞ்சிருக்கு. ரீல் உடம்பு பெரும்பாலும் அலுமினியம் அல்லது கார்பன் கலந்த பிளாஸ்டிக். திருகும் தண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உள்ளே இருக்கிற பினியன் கியர் பல ரீல்களில் பித்தளை. ராடு கார்பன் ஃபைபர். இத்தனை பொருளும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு இருக்கு. நடுவுல உப்புத் தண்ணீர் புகுந்தா அது எலக்ட்ரோலைட். அப்புறம் என்ன, ஒரு சின்ன பேட்டரி ரெடி! இதுதான் கால்வானிக் அரிப்பு. கார்பனும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கேத்தோடு பக்கம் நிக்கும், அலுமினியம் ஆனோடாகித் தேயும். கார்பன் ராடுல அலுமினியம் ரீலோட காலடி உட்காரும் இடத்துல வெள்ளைப் பொடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே, துருப்பிடிக்காதே"ன்னு கேட்கலாம். அதைக் காப்பாத்துறது மேலே இருக்கிற மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். குளோரைடு அயனி அந்தப் படலத்தை அங்கங்கே உடைச்சு ஊசிமுனை அளவு குழி போடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே ஆழமாப் போயிருக்கும்.

தர்மபுரி வறண்ட ஊர்தானே?

"கடற்கரையில வச்சாத்தான் கெடும், நம்ம ஊரு காத்துக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு நினைக்கிறவங்க நிறைய பேர். பாதி சரி. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாத்தான் தானாக் கரைய ஆரம்பிக்கும். ஆனா கடல் உப்புல சுமார் பத்தில் ஒரு பங்கு மெக்னீசியம் குளோரைடு. அது சுமார் 33 சதவீத ஈரப்பதத்துலயே காத்துல இருந்து தண்ணீரை இழுத்துக்கும். ஏப்ரல் மாத மதியம் வேணா நம்ம ஊரு காத்து அதுக்கும் கீழே போகலாம். ராத்திரியும் விடியற்காலையும் அப்படி இல்லை. மூடி வச்ச ஈரப் பைக்குள்ளே கேட்கவே வேண்டாம். அதனால கடலை விட்டு 200 கிலோமீட்டர் தள்ளி வந்த பிறகும் அந்த பேட்டரி ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

இந்தப் பாடத்துல ஒண்ணே ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்னா அது இதுதான்: முதல் கழுவல் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி நடக்கணும்.

கரையிலேயே

1. ரீலை மணல்ல வைக்காதீங்க. மணல் குவார்ட்ஸ், அது கியருக்குள்ள போனா உப்புக்காகக் காத்திருக்காது, நேரடியாத் தேய்க்கும்.
2. டிராக்கை முழுசா இறுக்குங்க. மீன் இழுக்கும்போது லைனைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொடுக்கிற பிரேக்தான் டிராக். இறுக்கினா அதோட வாஷர்களுக்கு இடையே தண்ணீர் புகுறது குறையும்.
3. பாட்டில் மூடியில நாலஞ்சு ஓட்டை போட்டு, மழைத்தூறல் மாதிரி நல்ல தண்ணீரை ரீல் மேலயும் ராடு மேலயும் ஊத்துங்க. பைப்பை அழுத்திப் பீய்ச்சி அடிக்காதீங்க. அந்த அழுத்தம் உப்பையும் மணலையும் பேரிங்குக்குள்ள தள்ளிடும். பக்கெட்ல முக்கவும் வேண்டாம்.
4. உதறி, காட்டன் துணியால துடைச்சு, அப்புறம் பையில வைங்க.
5. பயன்படுத்தின கொக்கி, லூர் எல்லாத்தையும் தனி டப்பாவில போடுங்க. உப்பு ஈரத்தோட ஒரு கொக்கி உள்ளே போனா பக்கத்துல இருக்கிற புதுக் கொக்கியும் துருப்பிடிக்கும்.

ரூமுக்கு வந்ததும்

ராடை மூட்டு மூட்டாக் கழட்டுங்க. ரீலைத் தனியா எடுங்க. டிராக்கை இறுக்கி வச்சபடியே மறுபடி லேசாகக் கழுவுங்க. இந்த முறை ஸ்பூல்ல சுத்தியிருக்கிற லைன் மேலயும் நல்லாத் தண்ணீர் விடணும். பின்னல் லைன் இழைகளுக்கு நடுவே உப்புத் தண்ணீரைத் தேக்கி வச்சுக்கும். சுடுதண்ணீர் வேண்டாம், கிரீஸ் இளகி ஓடிடும்.

துடைச்சதும் டிராக்கைத் தளர்த்திடுங்க. இறுக்கியே வச்சா வாஷர் அமுங்கிப் போய், அடுத்த தடவை லைன் சீராப் போகாம வெட்டி வெட்டிப் போகும். பெரிய மீன் மாட்டினா அந்த நேரத்துலதான் லைன் அறுந்துடும். பிறகு ஃபேன் காத்துல, நிழல்ல ஒரு நாள் காயட்டும்.

எந்தத் தண்ணீர்?

இது நம்ம ஊருக்கே உரிய கேள்வி. நம்ம மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளூரோசிஸ் தணிப்புத் திட்டமே வந்து, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ரீலுக்கு ஃப்ளூரைடு பெரிய பிரச்சனை இல்லை, கடினத்தன்மைதான் பிரச்சனை. போர்வெல் தண்ணீரைத் தானாக் காய விட்டா கால்சியம், மெக்னீசியம் உப்பு வெள்ளைத் திட்டாப் படியும். பக்கெட்ல படியிற அதே கறைதான். முதல் வருஷம் ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன் பண்ணி அளந்தோமே, அந்த ஹார்ட்னெஸ்! முடிஞ்சா குழாயில் வர்ற காவிரித் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ கடைசிக் கழுவலுக்குப் பயன்படுத்துங்க. போர்வெல்தான் கிடைக்குதுன்னாலும் கழுவாம விடுறதை விட அது எவ்வளவோ மேல். காயறதுக்கு முன்னாடி துடைச்சிடணும், அவ்வளவுதான்.

எண்ணெயும் கிரீஸும்

வேகமாச் சுத்துற இடத்துக்கு மெல்லிய எண்ணெய், பல் பல்லோடு உரசுற இடத்துக்கு கிரீஸ். லைன் ரோலர், ஹேண்டில் குமிழ், பெயில் ஆர்ம் மூட்டு, இதுக்கெல்லாம் ஒரு சொட்டு ரீல் ஆயில் போதும். கைவசம் இல்லைன்னா தையல் மெஷின் ஆயில். சில ரீல்களில் குறிப்பிட்ட இடத்துல எண்ணெய் விடக்கூடாதுன்னு கம்பெனியே சொல்லியிருக்கும், அதனால மேனுவலை ஒரு தடவை படிச்சிடுங்க. டிராக் வாஷர்ல எண்ணெய் படவே கூடாது.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைஞ்சிடும். நம்ம ஊரு மார்கழிக் காலையில அதைப் பாட்டிலைச் சூடு பண்ணித்தானே தலைக்கு வைக்கிறோம்? டபிள்யூ.டி-40-யும் ரீலுக்குள்ள அடிக்க வேண்டாம். பேரிலேயே இருக்கிற டபிள்யூ.டி. என்பதற்கு, தண்ணீரை விலக்குவதுன்னுதான் அர்த்தம். அதுல இருக்கிற கரைப்பான் உள்ளே இருக்கிற கிரீஸைக் கரைச்சிடும். கியர் பகுதியைத் திறந்து புது கிரீஸ் வைக்கிற வேலை வருஷத்துக்கு ஒரு முறை போதும். திறக்கும்போது ஒவ்வொரு ஸ்டெப்பையும் மொபைல்ல போட்டோ எடுத்துக்கோங்க.

ராடு

கைடு வளையங்களின் உள்ளே ஒரு பஞ்சைச் சுத்தி இழுங்க. நூல் சிக்கினா அங்கே செராமிக்ல கீறல் இருக்கு. அது லைனை அறுக்கும். ரீல் சீட்டோட மரையைப் பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க. மூட்டுல மணல் இருக்கான்னு பாருங்க. நேரா நிறுத்தி வைங்க, வெயில்ல நிக்கிற காருக்குள்ள விடாதீங்க. மிக முக்கியம்: மொட்டை மாடியில நீளமா மாட்டின ராடை நிமிர்த்தும்போது மேலே மின்கம்பி இருக்கான்னு பாருங்க. கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும்.

பாம்பன் சொல்றது

இதெல்லாம் ஒரு ரீலுக்கு ஓவர்னு தோணினா பாம்பன் பாலத்தை நினைச்சுப் பாருங்க. உப்புக் காத்து அடிக்கிற கடல் நடுவுல 1914-ல் திறந்த அந்த ரயில் பாலத்துல 2022 டிசம்பர் வரைக்கும் ரயில் ஓடுச்சு. சுரண்டி, பெயிண்ட் அடிச்சு, அரிச்ச இரும்பை மாத்திக்கிட்டே இருந்ததாலதான் 108 வருஷம் தாங்குச்சு. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்காங்க. இந்த அரிப்பையே முக்கிய ஆராய்ச்சித் துறைகளில் ஒண்ணா வச்சிருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-லிருந்து காரைக்குடியில இயங்குது. கோர் கம்பெனியில வேலைக்குப் போகணும்னு நினைக்கிற மெக்கானிக்கல், கெமிக்கல் பசங்க அரிப்புத் தடுப்பு பத்தி ஒரு எட்டு பார்த்து வைங்க. துறைமுகம், கப்பல், எண்ணெய்க் குழாய், கடலோர மின்நிலையம்னு எங்கே போனாலும் இதே வேதியியல்தான்.

அதுவரைக்கும், அடுத்த கடல் டூருக்குப் பை கட்டும்போது மூடியில ஓட்டை போட்ட ரெண்டு லிட்டர் பாட்டிலும் ஒரு பழைய காட்டன் துணியும் முதல்ல உள்ளே போகட்டும்.