சிவந்து சுடும் காலை உழியாதே, தங்கச்சி

திற்பரப்பு அருவியில் தண்ணீர் பெருகும் மாதங்களில் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் யாருக்கும் கால் ஈரம் காய்வதில்லை. விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போகிற தங்கச்சிகளுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புல் நனைந்து கிடக்கும், அட்டை கடிக்கும், கடித்த இடம் அரிக்கும், விரலிடுக்கு ஊறி வெளுத்து வெடிக்கும். சேற்றுப்புண்தானே என்று விட்டுவிடுகிறோம். பிறகு ஒருநாள் கணுக்கால் சிவந்து சுடும், தொடையிடுக்கில் நெறி கட்டும், குளிர்க்காய்ச்சல் வரும்.

அப்போது முதலில் தவிர்க்க வேண்டியது உழிச்சல். கால் வீங்கினால் எண்ணெய் காய்ச்சி உழிந்துவிடுவது நம் பக்கத்துப் பழக்கம். சுளுக்குக்கும் சதைப்பிடிப்புக்கும் உழிகிற வைத்திய ஆசானின் கை நல்லதுதான். ஆனால் சிவந்து, தொட்டால் சுடுகிற காலை யாரும் உழியக் கூடாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் அடுத்த வீட்டு அக்காளையும் நீயே தடுப்பாய்.

வெடிப்பில் கிருமி நுழைந்ததும் அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து, நீர் கசிந்து, வெள்ளையணுக்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்கின்றன. சிவப்பு, சூடு, வீக்கம், வலி நான்கும் அதனால் வருபவை; இதைத்தான் அழற்சி என்கிறார்கள். ஃபைப்ரின் என்ற புரதம் அங்கே உறைந்து, வலைபோல் பின்னிக் கிருமியை வளைக்கிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி பெரும்பாலும் ஓரிடத்தில் சீழ்க்கட்டியாகத் திரளும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அப்படி அடங்குவதில்லை. வலையைக் கரைக்க வைக்கும் பொருளைத் தானே சுரந்து, தோலுக்கடியில் பரவி, நிணநீர்க் குழாய் வழியாக மேலேறும். காலில் செங்கோடு ஓடுவதும் நெறி கட்டுவதும் அது போகும் வழியைக் காட்டுகின்றன. 1933-ல் வில்லியம் டில்லெட் என்ற அமெரிக்க மருத்துவர் கண்டறிந்த அந்தப் பொருள்தான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். மாரடைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்கப் பின்னாளில் ஊசியாகப் போட்டதும் அதையேதான். இவ்வளவு வல்லமையுள்ள கிருமி இருக்கிற காலை அழுத்தித் தேய்த்தால், உடம்பு கட்டிய கரையை நாமே வெட்டிவிட்டது போலாகும்.

அடுத்தது மாத்திரை. மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்குகிற வலி மாத்திரைப் பொட்டலத்தில் சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். விழுங்கிய அன்று வலி அடங்கும், சிவப்பு மங்கும். ஆனால் வெள்ளையணுக்களின் கை கட்டப்பட்டுவிட்டதால் கிருமி உள்ளே தடையில்லாமல் பரவும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றையும் டாக்டர் பார்க்கும் முன் நீயாகப் போடாதே. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்துமாவுக்கோ வேறு நோய்க்கோ டாக்டர் எழுதித் தந்த ஸ்டீராய்டை மட்டும் திடீரென்று நிறுத்திவிடாதே, அதுவும் ஆபத்து.

வீக்கம் அப்படியே தங்கிவிட்டாலும் கெடுதல்தான். ஒவ்வொரு தடவை கால் வீங்கிக் காய்ச்சல் வரும்போதும் நிணநீர்க் குழாய்கள் கொஞ்சம் கெடுகின்றன. வடியாமல் தேங்கும் நீரில் அடுத்த கிருமி வளர்வது எளிது. யானைக்கால் உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலுக்கும் பெரும்பாலும் இந்தத் தோல்வழிக் கிருமிதான் காரணம். யானைக்கால் புழு செத்த பிறகும் அந்தக் காய்ச்சல் வரும். பக்கத்துக் கேரளத்தில், ஆலப்புழை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்தக் காய்ச்சலைக் குறைப்பது எது என்று சோதித்து, முடிவை 1999-ல் வெளியிட்டார்கள். காலைக் கழுவிப் பராமரிப்பதும் கிருமிக்கொல்லி மருந்தும் காய்ச்சலைக் குறைத்தன, புழுவுக்கான டி.இ.சி. மாத்திரை அதில் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. சோப்பும் தண்ணீரும் மருந்தோடு சேர்ந்து நிற்பது எனக்குப் பெரிய ஆறுதல். அது எல்லா வீட்டிலும் இருக்கிறது.

அதனால் தோட்டத்திலிருந்து வந்ததும் காலைச் சாதாரண சோப்பும் பச்சைத் தண்ணீரும் போட்டுக் கழுவு. வெந்நீர் வேண்டாம். முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான்: பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு விரலிடுக்கையும் ஒற்றி ஒற்றி ஈரம் எடு, தேய்க்காதே. மெட்டியைக் கழற்றிவிட்டுக் கழுவு, அதன் அடியில்தான் ஈரம் நிற்கும். இடுக்கு வெளுத்திருந்தால் க்ளோட்ரிமசோல் களிம்பு தடவலாம். வெடிப்பில் மஞ்சள், காப்பிப்பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பாதே. சர்க்கரை நோய் இருந்தால் வலியே தெரியாமல் புண் வரும், தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்.

கால் சிவந்துவிட்டதா? மெட்டியையும் கொலுசையும் உடனே கழற்று, வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். சிவப்பின் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்திலேயே நேரத்தை எழுது. படுக்கும்போது காலைத் தலையணைமேல் உயர்த்தி வை. அன்றைக்கே குலசேகரம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடு. கிருமிக்கொல்லி மாத்திரை தொடங்கிய முதல் நாளில் சிவப்பு கோட்டைச் சற்றுத் தாண்டலாம், அதற்குப் பயப்படாதே. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தவும் செய்யாதே.

பார்வைக்குத் தெரிவதைவிட வலி மிகக் கடுமையாக இருப்பது, தோல் கருத்துக் கொப்புளம் எழும்புவது, மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது, மூத்திரம் குறைவது, இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. அழற்சி உடம்பு முழுவதும் பரவிவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். 108-ஐக் கூப்பிட்டு, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தாலும் அந்த ராத்திரியே கிளம்பு. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துக்கொள் மக்களே; பெனிசிலின் ஊசி உனக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் டாக்டரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொல்.