சாக்கு தைக்கும் இடத்தில் தொடங்கு

தா.பழூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ சேர்ந்திருக்கும் சிமெண்ட் ஆலையில் கொள்முதலுக்குப் புது மென்பொருள் போடப்போவதாகவும், பர்ச்சேஸ் பிரிவிலிருந்து உன்னைக் குழுவில் சேர்த்திருப்பதாகவும், மூன்று மென்பொருள்களை ஒப்பிட்டு அறிக்கை கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். அறிக்கையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் மூன்றும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும் என்பது ஒரு வாரத்தில் உனக்கே தெரிந்துவிடும். இண்டென்ட் என்கிற தேவைச் சீட்டுப் போடலாம், ஒப்புதல் வாங்கலாம், விலைப்புள்ளி கேட்கலாம், பிஓ என்கிற கொள்முதல் ஆணை அனுப்பலாம், பில்லைச் சரிபார்க்கலாம். ஆகவே எதை வாங்குவது என்று நான் சொல்லப்போவதில்லை. எங்கே தொடங்குவது என்று மட்டும் சொல்கிறேன். பொருள் எண்ணாக மாறுகிற இடத்தில் தொடங்கு. லாரியிலிருந்து இறங்கிய சரக்கு ஒரு வரியாகவும் ஒரு தொகையாகவும் மாறுகிற அந்த ஒரு நிமிஷம் பிசகிவிட்டால், அதற்கு முன்னும் பின்னும் எத்தனை கோடிக்கு மென்பொருள் போட்டாலும் அது பிசகைத்தான் வேகமாகச் சுமந்துகொண்டு போகும்.

உதாரணத்துக்கு வெளியூர் போக வேண்டாம். அறுவடை தொடங்கினால் நம் கொள்ளிடக்கரை ஊர்களில் திறக்கிற நேரடி நெல் கொள்முதல் நிலையத்தையே எடுத்துக்கொள். 1972இல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம், 2002 அக்டோபரிலிருந்து பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில் நெல் வாங்கி வருகிறது. 2021-22 பருவத்தில் இணையவழி முன்பதிவு வந்தது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் கணினியில் ஏறுகின்றன. கிராம நிர்வாக அலுவலர் சரிபார்க்கிறார். பணம் நேரே வங்கிக்குப் போகிறது. நடுவில் யாரும் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை என்பதே பெரிய லாபம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆக, முதலும் முடிவும் கணினியில். நடுவில் இருப்பது களம். ஈரப்பதம் பார்ப்பது, தூற்றிப் பதரும் கருக்காயும் நீக்குவது, சாக்கில் பிடிப்பது, எடை போடுவது, வாய் தைப்பது எல்லாம் அங்கேதான். ஒரு சிப்பம் 40 கிலோ. 2025-26 பருவத்தில் ஊக்கத்தொகையோடு சேர்த்துப் பொதுரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய். சிப்பத்துக்கு 1,000, கிலோவுக்கு 25. தராசில் சிப்பத்துக்கு ஒரு கிலோ கூடுதலாக ஏறினால் நூறு சிப்பம் கொண்டுவந்தவருக்கு 2,500 ரூபாய் போச்சு. ஆனால் ரசீதில் 100 சிப்பம், 4,000 கிலோ, 1,00,000 ரூபாய் என்று இருக்கும், வங்கிக்கும் பைசா பிசகாமல் போய்ச் சேரும். கணினி எங்கும் தப்புச் செய்யவில்லை. பட்டியல் எழுத்தர் தட்டியதுதான் அதற்குத் தெரியும், சாக்கு தைக்கிற இடம் அதற்குத் தெரியாது.

உன் ஆலையில் சாக்கு தைக்கும் இடம் ஸ்டோர்ஸ். ராத்திரி பத்து மணிக்கு லாரி கேட்டுக்குள் வருகிறது. காவலாளி கேட் ரிஜிஸ்டரில் எழுதுகிறார். சரக்கு இறங்குகிறது. ஜிஆர்என் என்கிற சரக்கு வரவுச் சீட்டு மட்டும் இரண்டு நாள் கழித்து, டெலிவரி சலானைப் பார்த்து அப்படியே தட்டப்படுகிறது. சலானில் இருப்பது அனுப்பியவர் சொன்ன எண், வந்ததை யாரும் எண்ணவில்லை. பிஓ, ஜிஆர்என், பில் மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் கொடுப்போம் என்று மென்பொருள் விற்கிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மூன்றில் இரண்டு ஒரே காகிதத்திலிருந்து பிறந்தவை என்றால் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? எடைமேடையைக் கணினியோடு நேரே இணைத்து எடை தானாகவே ஏறும்படி செய்வது, எண்ணி எடுக்கும் பொருளை லாரி நிற்கும்போதே ஸ்டோர்ஸ்காரர் கையில் உள்ள கருவியில் பதிவது, இந்த இரண்டையும் முதலில் கேள். முகப்புத் திரையில் வண்ண வண்ணப் படங்கள் பிறகு வரட்டும்.

வந்த நாளும் வந்த அளவைப் போலவே முக்கியம், அதற்குச் சட்டமே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். நாள் கணக்கு சரக்கை ஏற்ற நாளிலிருந்து ஓடும். சரக்கு வந்து பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால் வந்த நாளே ஏற்ற நாள். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. போதாததற்கு 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஒரு உட்பிரிவைச் சேர்த்தது. கெடு தாண்டிவிட்டால், பணத்தை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் அந்தச் செலவை வரிக்கணக்கில் கழிக்க முடியும். இப்போது யோசி. கேட் ரிஜிஸ்டரில் 3ஆம் தேதி, ஜிஆர்என்னில் 9ஆம் தேதி. உன் கணினி 9இலிருந்து எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருக்கும், சட்டம் 3இலிருந்து எண்ணும்.

அடுத்தது பெயர். எண்ணாக மாறுவதற்கு முன் பொருள் ஒரு பெயராக மாற வேண்டும், அந்தப் பெயர்ப் பட்டியல்தான் ஐட்டம் மாஸ்டர். 6205 பேரிங்கை எடுத்துக்கொள். உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. இதையே ஒருவர் 'பேரிங் 6205' என்று எழுதுவார், இன்னொருவர் '6205 பால் பேரிங்' என்பார், மூன்றாமவர் கம்பெனிப் பெயரோடு எழுதுவார். கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு பொருள்கள். ஒன்றின் கீழ் நாற்பது சும்மா கிடக்க, இன்னொன்றின் கீழ் இருப்பு இல்லை என்று அவசர பிஓ போகும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. வெவ்வேறானவை ஒரே பெயரில் ஏறிவிடும். இசட்இசட் என்றால் இருபுறமும் தகரத் தடுப்பு, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் அடைப்பு. சுண்ணாம்புக்கல் தூசி பறக்கிற இடத்தில் எது தாங்கும் என்று ஃபிட்டரைக் கேட்டால் உடனே சொல்வார். பெயர்ப் பட்டியலை வெளியிலிருந்து வந்த இளைஞர்கள் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து சுத்தம் செய்தால், வெறும் 6205 என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஃபிட்டரையும் ஸ்டோர்ஸ்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யச் சொல். நாள் பிடிக்கும், சலிப்பான வேலைதான். இந்த முயற்சியிலேயே அதிகப் பயன் தருகிற வேலையும் இதுதான் என்பேன்.

பொருளுக்குச் சொன்னது ஆளுக்கும் பொருந்தும். நெல் முன்பதிவு பட்டாவில் இருக்கிற பெயரைக் கேட்கிறது. பயிர் செய்கிறவர் குத்தகைக்காரராக இருக்கலாம். பட்டா தாத்தா பெயரிலோ, நான்கு பங்காளிகள் பெயரில் கூட்டாகவோ கிடக்கலாம். அந்த இடைவெளியை அடைப்பது கிராம நிர்வாக அலுவலரின் சான்று, அதாவது ஊரை அறிந்த ஒரு மனிதர். உன் ஆலைக்குச் சரக்குத் தருகிறவர்களிலும் இப்படிப் பலர் இருப்பார்கள். லேத் பட்டறை வைத்திருப்பவர், சாக்கு தைத்துத் தருபவர், மரப்பெட்டி அடிப்பவர் எல்லோரிடமும் போர்ட்டலில் நுழைந்து பதினாறு பக்கம் நிரப்பு என்று சொன்னால், அவர்கள் வேறொரு பெரிய வியாபாரியின் பெயரில் நுழைவார்கள், விலை கூடும். இங்கே சிலர் மறுப்பார்கள். ஒழுங்கான காகிதம் இல்லாதவரோடு கம்பெனி ஏன் வியாபாரம் செய்ய வேண்டும் என்பார்கள். வரி எண்ணும் வங்கிக் கணக்கும் இல்லாமல் யாரையும் சேர்க்கச் சொல்லவில்லை. பதிவதற்கு உதவ பர்ச்சேஸில் ஒரு ஆளை மூன்று மாதம் உட்காரவை என்றுதான் சொல்கிறேன்.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. களத்துக்கு ஏற்றபடி மென்பொருளை வளைத்துக்கொண்டே போனால் கடைசியில் பழைய குளறுபடியைத்தானே கணினியில் வாங்கி வைப்போம் என்பது. இதில் உண்மை இருக்கிறது. ஜெர்மனியின் லிடில் கடைத்தொடர் 2011இல் எஸ்ஏபி மென்பொருள் வேலையைத் தொடங்கி, ஏறக்குறைய 50 கோடி யூரோ செலவழித்து, 2018இல் கைகழுவியது. மென்பொருள் சரக்கை விற்பனை விலையில் மதிப்பிட, தங்கள் வழக்கப்படி வாங்கிய விலையில்தான் மதிப்பிடுவோம் என்று அதை மாற்றி மாற்றி எழுதியது பெரிய காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. அதனால் வழக்கங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொருளின் தன்மையிலிருந்து வந்த வழக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு அதிகாரியின் வசதிக்காக வந்ததை விட்டுவிட வேண்டும். நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம் என்ற வரம்பு தானியம் கெடாமல் இருக்க வைத்தது. 2022 அக்டோபரில் மழையால் நெல் நனைந்தபோது அந்த வரம்பை 19 ஆகத் தளர்த்தினார்கள். தளர்வு கேட்டது மாநில அரசு, கொடுத்தது மத்திய அரசு, எல்லாம் எழுத்தில். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஆளைப் பார்த்துத் தளர்த்துவது வேறு. உன் மென்பொருளிலும் அந்த எழுத்துத் தளர்வு மாதிரி ஒரு வாசல் வேண்டும். நள்ளிரவில் கன்வேயர் பெல்ட் அறுந்தால் மூன்று விலைப்புள்ளிக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. அவசரக் கொள்முதலுக்கு யார் கையெழுத்து, எத்தனை ரூபாய் வரை, எத்தனை மணி நேரத்துக்குள் காரணம் எழுத வேண்டும் என்று வெளிப்படையாக வழி வைக்காவிட்டால், சரக்கு முதலில் வரும், பிஓ பிறகு முன்தேதியிட்டு வரும். அதற்கு 'ரெகுலரைஸ்' என்று ஒரு கௌரவமான பெயரும் வைத்துவிடுவார்கள்.

பழைய ஆட்களுக்குக் கணினி வராது என்ற பேச்சை நம்பாதே. டீக்கடையில் போனைத் தட்டிப் பணம் அனுப்புகிறவர்கள்தான் அவர்களும். அவர்கள் தயங்குவது, தங்கள் நோட்டுக்கு இருந்த மதிப்பு போய்விடுமோ என்றுதான். எந்தச் சாமான் எந்த அடுக்கில், எந்த வியாபாரி சொன்ன நாளில் தருவார் என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. அதைப் பிடுங்காமல், அதை வைத்தே கணினியை நிரப்பும் பொறுப்பை அவர்களிடம் கொடு. தொடங்கும் நாளையும் பார்த்து வை. அமெரிக்காவின் ஹெர்ஷீ சாக்லேட் கம்பெனி 1999 ஜூலையில், ஹாலோவீன் பண்டிகை ஆர்டர்கள் குவிகிற நேரத்தில் புது மென்பொருளுக்கு மாறியது. ஏறக்குறைய 10 கோடி டாலர் ஆர்டரை நேரத்துக்கு அனுப்ப முடியவில்லை. நெருக்கடிக்காகப் பிடித்திருந்த தற்காலிக இடங்களில் இருந்த சரக்கு கணினிக்கணக்கில் ஏறாததும் ஒரு காரணம் என்று சொல்லப்பட்டது. மிட்டாய் இருந்தது, கணக்கில் இல்லை. தை அறுவடை நேரத்தில் களத்தில் புதுத் தராசு பழக்கக் கூடாது. உங்களுக்கு அந்தத் தை மாதம் சூளையை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன். அதற்கு முந்தைய இரண்டு மாதத்தையும் விட்டுவிடு.

ஒப்பீட்டு அறிக்கையை எழுதத் தொடங்குமுன் ஒன்று செய். போன மாதத்து ஜிஆர்என் நூறு எடு, கேட் ரிஜிஸ்டரைப் பக்கத்தில் வை. தேதி எத்தனையில் மாறுகிறது, அளவு எத்தனையில் சலானை அப்படியே பார்த்து எழுதியதாகத் தெரிகிறது என்று இரண்டு கோடு போட்டு எண்ணு. இரண்டு சாயங்கால வேலை. காவலாளியிடமும் ஸ்டோர்ஸ்காரரிடமும் கேட்டுக்கொண்டு செய், குற்றம் கண்டுபிடிக்க வந்தவள் மாதிரி போகாதே. அந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுது. மூன்று மென்பொருளில் எது என்று அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
பெரியப்பா