பட்டியலை எதில் திறக்கிறீர்கள்?

கடன் கொப்பியைத் திறந்து பார்த்து மூடினால் அதிலுள்ள இலக்கங்கள் மாறிவிடுமா? காகிதக் கொப்பியில் மாறாது. கணினியில் மாறக்கூடும். பட்ட பின்புதான் இது எனக்குத் தெரிந்தது.

மன்னாரில் நான் செய்யும் கருவாட்டு வியாபாரத்தில் புத்தளம், குருநாகல், கொழும்பு வரை கடனுக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய கணினியை விற்பதற்கு முன் அவர்களின் பெயர், தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம், பாக்கி அனைத்தையும் கணக்கு மென்பொருளிலிருந்து ஒரே கோப்பாக வெளியே எடுத்தோம். அது சி.எஸ்.வி. என்ற வகைக் கோப்பு. புதிய கணினியில் கடைத் தம்பி அதை இரண்டு தடவை கிளிக் செய்தார். எக்ஸெல் திறந்தது. ஒரு பெயரைத் திருத்திச் சேமித்தார். மறுநாள், "முதலாளி, ஒருத்தருக்கும் கோல் போகுதில்ல" என்று வந்து நின்றார்.

தொலைபேசி இலக்கங்களின் முன்னால் இருந்த பூச்சியம் எல்லாமே போயிருந்தது. அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் 12 இலக்கம் கொண்ட புதிய அடையாள அட்டை எண்கள் 1.98512E+11 என்பது போலச் சுருங்கிக் கிடந்தன. கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். கடன் கொடுத்தவனே "உங்கள் எண் தொலைந்துவிட்டது, திரும்பத் தாருங்கள்" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டால், நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

தம்பியில் குற்றமில்லை. சி.எஸ்.வி. என்பது எழுத்துகளும் அவற்றைப் பிரிக்கும் காற்புள்ளிகளும் மட்டுமே. எது தொகை, எது வெறும் அடையாளம் என்று அதில் எழுதியிருக்காது. எக்ஸெல் கணக்குப் போடும் கருவி என்பதால் அதுவாக ஊகிக்கிறது. எண்ணுக்கு முன்னால் உள்ள பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லை என்று நீக்குகிறது. நீண்ட எண்ணைச் சுருக்கிக் காட்டுகிறது. 3-12 என்ற பொதி இலக்கத்தைத் திகதியாக்குகிறது. மீண்டும் சி.எஸ்.வி.யாகச் சேமித்தால், திரையில் தெரிவதையே கோப்பில் எழுதிவிடுகிறது. விஞ்ஞானிகளும் இதில் மாட்டியிருக்கிறார்கள். சில மரபணுக்களின் பெயர்களை எக்ஸெல் திகதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் அந்தப் பெயர்களையே மாற்ற நேர்ந்தது.

எந்த வகைக் கோப்பை எந்த மென்பொருள் திறப்பது என்று விண்டோஸில் ஒரு நியமனம் இருக்கிறது. எக்ஸெல் உள்ள கணினியில் சி.எஸ்.வி. பெரும்பாலும் அதற்கே போகும். அந்த நியமனத்தை நோட்பேடுக்கு மாற்றிவிடுங்கள். நோட்பேட் எதையும் ஊகிக்காது, இருப்பதை இருந்தபடியே காட்டும்.

செய்முறை இலகு. கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, 'ஓபன் வித்', பின்னர் 'சூஸ் அனதர் ஆப்' என்பதைத் தெரிவுசெய்து, நோட்பேடை எடுங்கள். விண்டோஸ் 11இல் 'ஒல்வேய்ஸ்' என்பதை அழுத்துங்கள். விண்டோஸ் 10இல் கீழேயுள்ள சிறு பெட்டியில் சரி அடையாளம் இட்டு 'ஓகே' கொடுங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

கூட்டிக் கழிக்க எக்ஸெல் வேண்டுமே என்பீர்கள். தாராளமாகப் பாவியுங்கள். முதலில் எக்ஸெலை வெறுமையாகத் திறந்து, 'டேட்டா' பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியாகக் கோப்பைக் கொண்டுவாருங்கள். அங்கே 'டூ நொட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்' என்பதைத் தெரிவுசெய்தால் பூச்சியமும் நீண்ட எண்ணும் அப்படியே இருக்கும். கூட்ட வேண்டிய பாக்கி வரிசையை மட்டும் பின்னர் எண்ணாக மாற்றுங்கள். முடிந்ததும் எக்ஸெல் கோப்பாக வேறு பெயரில் சேமியுங்கள். மூலக் கோப்பில் கைவைக்க வேண்டாம். அதன் பிரதியொன்றைப் பென் டிரைவிலும் வையுங்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நாம் வெளியேற்றப்பட்டபோது, எங்கள் வாப்பாமார் கடையோடு கணக்குக் கொப்பிகளையும் விட்டுவிட்டு வந்தார்கள். யார் தர வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது பலருக்கு நினைவில் மட்டுமே மிஞ்சியது. அது நம் கையில் இருக்கவில்லை. இது நம் கையில் இருக்கிறது.

தவணைக் கடனை எழுதி வைக்குமாறு சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். எழுதியதை மாறாமல் காப்பதும் அந்த அமானத்தில் சேர்ந்ததே. இன்றைக்கே கடையைப் பூட்டும் முன் அந்த நியமனத்தை மாற்றிவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், நாளைக்கு ஒருவரிடமும் வெட்கப்பட்டு நிற்க வேண்டி வராது.