வான் ஒளிப்படம் கற்றுத்தரும் பாடம்

உயர்தரப் புவியியலில் வான் ஒளிப்படங்களை வாசிக்கக் கற்கிறோம். வடிவம், பருமன், நிழல், நிறச்சாயல், அமைவிடம் என்பவற்றைக் கொண்டு படத்தில் உள்ளவற்றை இனங்காண்பதே அதன் முறை. இதைப் பழகுவதற்குப் புகையிரதப் பாதை மிகவும் பொருத்தமானது என்பது எனது கருத்து. வீதி சட்டெனத் திரும்பும். புகையிரதப் பாதை மெதுவாகவே வளையும். செங்குத்தான ஏற்றத்தில் அதனால் ஏற இயலாது. ஆகவே மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் செல்லும். அங்கு விழும் நிழலே பாதையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிரித்தானியாவில் 1919 ஆம் ஆண்டு எயாரோபிலிம்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அது எடுத்தவற்றுள் பெரும்பாலானவை சாய்வான படங்கள். அவற்றில் அருகிலுள்ளவை பெரிதாகவும் தொலைவிலுள்ளவை சிறிதாகவும் தெரியும். எனவே ஒரே அளவுத்திட்டத்தால் தூரத்தை அளக்க முடியாது. ஆனால் கட்டடங்களின் முகப்பையும் உயரத்தையும் காணலாம்.

இலண்டனின் கிங்ஸ் குரொஸ் பகுதியை எடுத்துக்கொள்வோம். 1852 இல் திறக்கப்பட்ட கிங்ஸ் குரொஸ் நிலையத்துக்கு இரட்டை வளைவுக் கூரை. 1868 இல் திறக்கப்பட்ட செயின்ட் பங்கிராஸ் நிலையத்துக்கு ஏறத்தாழ 74 மீற்றர் அகலமான ஒற்றை வளைவுக் கூரை. மேலிருந்து பார்த்தாலே வேறுபாடு தெரியும். வடக்கே தானியக் களஞ்சியம், நிலக்கரி இறக்கும் கட்டடங்கள், ரீஜன்ட்ஸ் கால்வாய், வட்ட வடிவ எரிவாயுத் தாங்கிகள். இவை அருகருகே அமைந்தது தற்செயல் அன்று. புகையிரதத்திலும் படகிலும் நிலக்கரி வந்தது. நிலக்கரியிலிருந்து எரிவாயு பெறப்பட்டது.

இன்றைய படத்தில் பல கூரைகள் அப்படியே உள்ளன, பயன்பாடுதான் மாறிவிட்டது. தானியக் களஞ்சியத்துக்கு 2011 இல் கலைக் கல்லூரி வந்தது. நிலக்கரி இறங்கிய இடத்தில் கடைகள். எரிவாயுத் தாங்கிகளின் இரும்புச் சட்டங்களுக்குள் அடுக்குமாடி வீடுகள்.

ஆயினும் இப்படங்கள் சொல்லாத ஒன்றுண்டு. செயின்ட் பங்கிராஸ் பாதைக்காக 1860களில் ஏகார் டவுன் என்ற ஏழைகளின் குடியிருப்பு இடிக்கப்பட்டது. அன்று விமானமே இல்லை. விமானத்திலிருந்து படம் எடுக்கப்பட்ட காலத்தில் அவ்வீடுகள் மறைந்து அரை நூற்றாண்டு கடந்திருந்தது. கிடைக்கும் மிகப் பழைய படத்தையே தொடக்கமாகக் கொண்டால், அம்மக்கள் அங்கு வாழவே இல்லை என்றாகிவிடும். அவர்களைக் காணப் பழைய தேசப்படங்களும் எழுத்தாவணங்களும் வேண்டும்.

தோழியரே, இரு காலப் படங்களை ஒப்பிடும்போது ‘என்ன மாறியது?’ என்று வினாத்தாள் கேட்கும். ‘முதற்படத்துக்கு முன் இங்கே யார் இருந்தார்கள்?’ என்பதை நாமாகவே கேட்கவேண்டும்.